இடது கை வேகப்பந்து வீச்சாளர்கள் ஏன் இவ்வளவு குறைவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய டெஸ்ட் அணி அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் "ஒரு லெஃப்ட் ஆர்ம் பேஸர் கூடவா கிடைக்கவில்லை?" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார், அப்புறம் அந்தப் பேச்சு ஜாகீர் கான், வாசிம் அக்ரம், நடராஜன் என்று சுற்றி வந்து எங்கேயும் போய்ச் சேராமல் நின்றுவிடும். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இடது கை சுழல் வீச்சாளர்கள் தேவைப்படும் இடத்தில் மட்டும் எட்டிப் பார்ப்பார்கள்.

உண்மையிலேயே குறைவா, நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

இரண்டும் உண்டு. மனிதர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் இடது கைக்காரர். அந்தக் கணக்கில் ஓர் அணியின் நான்கு வேகப்பந்து வீச்சாளர்களில் ஒருவர்கூட இடது கைக்காரராக இல்லாமல் போவது சாதாரண விஷயம். ஆகவே "ஏன் இல்லை" என்ற கேள்விக்குப் பாதி பதில் மக்கள்தொகையிலேயே இருக்கிறது.

ஆனால் டெஸ்டில் நீண்ட காலம் நின்றவர்களை எண்ணினால் பட்டியல் மிகவும் சின்னது. 300 டெஸ்ட் விக்கெட்டைத் தாண்டிய இடது கை வேகங்கள் மொத்தம் ஆறே பேர்: மிட்செல் ஸ்டார்க், வாசிம் அக்ரம் (414), சமிந்த வாஸ் (355), டிரென்ட் போல்ட் (317), மிட்செல் ஜான்சன் (313), ஜாகீர் கான் (311). ஸ்டார்க் 2025 டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்டில் அக்ரமைத் தாண்டினார். நூற்றைம்பது வருட டெஸ்ட் வரலாற்றில் ஆறு பேர், அதில் ஒருவர்கூட 1985க்கு முன்னால் டெஸ்ட் ஆடியவர் இல்லை. பழைய காலத்தில் ஆளே இல்லை என்று நினைக்க வேண்டாம், ஆஸ்திரேலியாவின் ஆலன் டேவிட்சன் 44 டெஸ்டில் 186 விக்கெட், சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைய குறைய நல்லது) 20.53. அந்தச் சராசரி மேலே சொன்ன ஆறு பேரில் யாருக்கும் கிடையாது.

இடது கை பேட்ஸ்மேன்கள் மட்டும் எப்படி இத்தனை பேர்?

ஏனென்றால் இடது கை பேட்ஸ்மேனாக இருக்க இடது கைக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சவுரவ் கங்குலி, டேவிட் வார்னர், பென் ஸ்டோக்ஸ், நம் வாஷிங்டன் சுந்தர், சாய் சுதர்சன் எல்லாரும் பந்து வீசுவது வலது கையால். ஜேம்ஸ் ஆண்டர்சனும் ஸ்டூவர்ட் பிராடும் வலது கை வேகங்கள், ஆனால் பேட் பிடிக்கும்போது இடது பக்கம் நிற்பார்கள். பேட்டிங்குக்கு இரண்டு கையும் வேண்டும். இடது பக்கம் நிற்பவருக்கு மேல் கை வலது கை, மட்டையை வழிநடத்துவதும் பெரும்பாலும் அந்தக் கைதான். அதனால் வலது கைக்காரச் சிறுவன் சின்ன வயதில் எப்படி மட்டையைப் பிடித்தானோ அப்படியே நின்றுவிட முடிகிறது.

பந்து வீச்சில் அந்தச் சலுகை கிடையாது. எந்தக் கையால் கல் எறிகிறோமோ அந்தக் கையால்தான் 140 கிலோமீட்டர் வேகம் வரும். தலைகீழ் உதாரணம் ஒன்று, சச்சின் எழுதுவது இடது கையால், பேட்டிங்கும் பந்து வீச்சும் வலது கையால். எழுதும் கை வேறு, எறியும் கை வேறு என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

வீட்டில் பீச்சாங்கைப் பழக்கத்தை மாற்றிவிடுவதுதான் காரணம் என்கிறார்களே?

சாப்பிடுவதையும் எழுதுவதையும் மாற்றிவிடுவார்கள், உண்மைதான், இன்றைக்கும் பல வீடுகளில் நடக்கிறது. ஆனால் தெருவில் பந்தை எந்தக் கையால் எறிகிறான் என்று எந்தப் பாட்டியும் நின்று பார்ப்பதில்லை. வலது கையால் எழுதி இடது கையால் எறியும் பையன்கள் நம்மிடையே நிறைய. இதே வழக்கம் உள்ள பாகிஸ்தானில்தான் இடது கை வேகங்கள் கொட்டிக் கிடக்கிறார்கள், அதனால் இந்தக் காரணத்துக்கு நான் அதிக எடை தரமாட்டேன்.

அப்படியென்றால் நம் இடது கைப் பையன்கள் எல்லாம் எங்கே போகிறார்கள்?

சுழலுக்குப் போகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் இடது கையால் வீசுகிறான் என்றால் நம் ஊர்ப் பயிற்சியாளருக்கு முதலில் தோன்றுவது பிஷன் சிங் பேடி, இப்போது என்றால் ஜடேஜா, அக்சர், குல்தீப். ஆடுகளமும் சுழலுக்குத்தான் சாதகம், பையன் சின்ன உருவமாக இருந்தால் பேச்சே இல்லை. தமிழ்நாட்டில் இது இன்னும் பழைய கதை. 1987-88இல் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாடு அணியின் கேப்டன் எஸ். வாசுதேவன் இடது கை சுழல், அந்தப் பாதையில் இன்றைக்கு சாய் கிஷோர் வரை ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மாநில அணிக்கு ஆடிய இடது கை வேகங்களை எண்ணினால் விரல் மிச்சம் இருக்கும்.

இடது கை வேகத்தை ஆடுவதில் பேட்ஸ்மேனுக்கு அப்படி என்னதான் கஷ்டம்?

எல்லாரும் "ஆங்கிள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற விஷயம் இது, கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

வலது கை வீச்சாளர் ஓவர் த விக்கெட்டில் (வீசும் கை ஸ்டம்பை ஒட்டி இருக்கும்படி) வரும்போது பந்து வலது கை பேட்ஸ்மேனின் ஆஃப் பக்கத்திலிருந்து உள்ளே நோக்கி வரும். இடது கைக்காரர் ஓவர் த விக்கெட் வந்தால் பந்து கிளம்புவதே லெக் பக்கத்திலிருந்து, உடம்பைக் குறுக்காகக் கடந்து ஸ்லிப்பை நோக்கிப் போகும். சின்ன வயதிலிருந்து பத்தில் ஒன்பது பந்து முதல் வகையில் ஆடிப் பழகிய காலும் கண்ணும் இரண்டாவது வகைக்குத் திடீரென்று மாற வேண்டும்.

இதுவரைக்கும் பாதிதான். வலது கை வீச்சாளரின் செல்லப் பந்து அவுட்ஸ்விங், பேட்ஸ்மேனை விட்டு வெளியே போவது. அதே ஆக்‌ஷன், அதே மணிக்கட்டு, அதே சீம் (பந்தின் தையல்), அப்படியே கண்ணாடியில் பார்ப்பதுபோல இடது கைக்கு மாற்றுங்கள். பந்து இப்போது வலது கை பேட்ஸ்மேனுக்கு உள்ளே வரும். அதாவது வலது கைக்காரருக்கு எட்ஜ் எடுத்துத் தரும் பந்து, இடது கைக்காரருக்கு ஸ்டம்பையும் காலையும் தாக்குகிற பந்து. வெளியே போகும் கோணத்தில் கிளம்பி, கடைசியில் உள்ளே வளையும் பந்து. பேட்ஸ்மேன் வெளியே போகும் என்று முன்காலைக் குறுக்கே வைத்திருப்பார், அங்கேதான் எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்து அவுட்).

2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டியில் ஓவலில் முகமது ஆமிர் முதல் ஓவரிலேயே ரோகித்தை இப்படித்தான் எடுத்தார். 2021 டி20 உலகக் கோப்பையில் துபாயில் ஷாகீன் அஃப்ரிடி அதே ரோகித்தை அவர் சந்தித்த முதல் பந்திலேயே எல்பிடபிள்யூ, தன் அடுத்த ஓவரில் ராகுல் போல்டு. இரண்டு ஆட்டமும் அங்கேயே பாதி முடிந்துவிட்டது, நாம்தான் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தோம்.

இடது கைக்காரர்களுக்கு இயற்கையாகவே பந்து அதிகம் ஸ்விங் ஆகுமாமே?

இல்லை. பந்துக்கு எந்தக் கை வீசியது என்று தெரியாது. கோணமும் ஸ்விங்கும் எதிரெதிர் திசையில் இருப்பதால் வளைவு பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஸ்விங் ஆகவில்லை என்றால் என்ன ஆகும்?

அப்போதுதான் சிக்கல். லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்த பந்துக்கு எல்பிடபிள்யூ கிடையாது. இடது கைக்காரர் ஓவர் த விக்கெட்டில் நேராக வீசும் பந்து ஸ்டம்புக்குப் போக வேண்டும் என்றால் பெரும்பாலும் லெக் ஸ்டம்ப் கோட்டுக்கு வெளியே விழ வேண்டியிருக்கும், ஸ்டம்ப் கோட்டில் விழுந்தால் ஆஃப் ஸ்டம்பைத் தாண்டிப் போய்விடும். ஆக, ஸ்விங் நின்ற பிறகு எல்பிடபிள்யூ, போல்டு இரண்டும் ஏறக்குறையக் கதவடைப்பு, பேட்ஸ்மேன் நிம்மதியாக மட்டையை உயர்த்திப் பந்தை விட்டுவிடலாம். முப்பதாவது ஓவரில், சீக்கிரமே ஸ்விங் நின்றுவிடும் கூக்கபுர்ரா பந்தோடு 132 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இடது கை வீச்சாளரைவிடப் பாவப்பட்ட ஆள் கிரிக்கெட்டில் கிடையாது.

இதிலிருந்து தப்பியவர்களைப் பார்த்தால் எல்லாரிடமும் இரண்டாவது ஆயுதம் ஒன்று இருக்கும். அக்ரமுக்கு ரிவர்ஸ் ஸ்விங் (பழைய பந்து வழக்கத்துக்கு எதிர்த் திசையில் வளைவது). ஜாகீருக்கு பழைய பந்தும், ரவுண்ட் த விக்கெட் (ஸ்டம்பின் மறுபக்கத்திலிருந்து வீசும்) கோணமும், பின்னாளில் நக்கிள் பாலும் (விரல் முட்டியில் பிடித்து வீசும் மெதுவான பந்து). ஜான்சனுக்கு வெறும் வேகமும் பவுன்ஸும். 2013-14 ஆஷஸில் 37 விக்கெட், சராசரி 13.97. நீல் வாக்னர் வேகமும் இல்லாமல் உயரமும் இல்லாமல் நெஞ்சுக்கு நேராக வீசியே 260 டெஸ்ட் விக்கெட் எடுத்தார், அது தனி ஜாதி.

ரவுண்ட் த விக்கெட் ஏன் வருகிறார்கள்?

மேலே சொன்ன எல்பிடபிள்யூ பிரச்சினையைத் தீர்க்க. அங்கிருந்து வந்தால் பந்து உள்ளே வரும் கோணம், அதிலிருந்து வெளியே எடுத்தால் பேட்ஸ்மேன் காலி. 1992 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் மெல்பர்னில் அக்ரம் அடுத்தடுத்த பந்துகளில் ஆலன் லேம்பையும் கிறிஸ் லூயிஸையும் போல்டாக்கியது ரவுண்ட் த விக்கெட்டில் இருந்து. லேம்புக்குப் போட்டது உள்ளே வந்து கடைசியில் விலகிய பந்து, லூயிஸுக்குப் போட்டது உள்ளே வந்தது. இங்கிலாந்து 22 ரன்னில் தோற்றது.

ஒருநாள், டி20இல் மட்டும் எப்படி இவ்வளவு பேர் கலக்குகிறார்கள்?

புதுப் பந்து ஸ்விங் ஆகும் நேரத்தில் சில ஓவர், கடைசியில் யார்க்கரும் ஸ்லோ பாலும் போட சில ஓவர். நடுவில் ஸ்விங் இல்லாத அந்தப் பாலைவன ஓவர்களை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். இடது கைக்காரருக்கு அளவெடுத்துத் தைத்த வேலை.

நம்பிக்கை இல்லை என்றால் ஒருநாள் உலகக் கோப்பைகளில் அதிக விக்கெட் எடுத்தவர்களைப் பாருங்கள். 1992இல் அக்ரம் 18. 1999இல் நியூசிலாந்தின் ஜெஃப் அலாட் 20, ஷேன் வார்னேயும் அதே எண்ணிக்கை. 2003இல் வாஸ் 23. 2011இல் ஜாகீர் 21, ஷாகித் அஃப்ரிடியோடு சமம். 2015இல் ஸ்டார்க்கும் போல்ட்டும் ஆளுக்கு 22. 2019இல் மறுபடி ஸ்டார்க் 27, ஒரே உலகக் கோப்பையில் யாரும் எடுக்காத அளவு. 1992 முதல் 2023 வரை நடந்த ஒன்பது உலகக் கோப்பைகளில் ஆறில் ஒரு இடது கை வேகம் முதலிடத்தில் அல்லது முதலிடத்தைப் பகிர்ந்து இருந்திருக்கிறார். பத்தில் ஒருவர் என்ற கணக்குக்கு இது எவ்வளவு அதிகம்! வாஸ் அந்த 2003 உலகக் கோப்பையில் பங்களாதேஷுக்கு எதிராக ஆட்டத்தின் முதல் மூன்று பந்துகளிலேயே ஹாட்ரிக் எடுத்ததை இலங்கை வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

2024 டி20 உலகக் கோப்பையிலும் முதலிடம் அர்ஷ்தீப் சிங்குக்கும் ஆப்கானிஸ்தானின் ஃபசல்ஹக் ஃபரூக்கிக்கும், ஆளுக்கு 17. இருவரும் இடது கை.

பாகிஸ்தானில் மட்டும் எப்படி வந்துகொண்டே இருக்கிறார்கள்?

அக்ரம், வஹாப் ரியாஸ், ஜுனைத் கான், சோஹைல் தன்வீர், ஏழடி உயரத்தை எட்டிய முகமது இர்ஃபான், ஆமிர், ஷாகீன். ஒருவர் போனால் இன்னொருவர். என் கணிப்பு எளிமையானது. அங்கே இடது கைப் பையனின் கண் முன்னால் அக்ரம் இருந்தார், நம் பையனின் கண் முன்னால் பேடி இருந்தார். அதோடு டேப் ஒட்டிய டென்னிஸ் பந்தில் ஸ்பின் போட்டு யாரும் பெயர் வாங்குவதில்லை, வேகமும் யார்க்கரும்தான் மதிப்பு, அதனால் வேகமாக எறியத் தெரிந்தவன் வேகத்திலேயே நின்றுவிடுகிறான்.

ஒரு நல்ல அணிக்கு இடது கை வேகம் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ராபர்ட்ஸ், ஹோல்டிங், மார்ஷல், கார்னர், அப்புறம் ஆம்ப்ரோஸ், வால்ஷ் என்று உலகத்தையே மிரட்டிய வெஸ்ட் இண்டீஸ் வேகப் படையில் எல்லாரும் வலது கை. ஆண்டர்சன், பிராட் காலத்து இங்கிலாந்தும் டெஸ்டில் பெரும்பாலும் இடது கை இல்லாமலேயே ஓடியது. நான்கு தரமான வலது கைகள் இருக்கும்போது சுமாரான இடது கையை "வெரைட்டி" என்று சேர்ப்பது வீண்.

ஆனால் ஒரு பக்க லாபம் உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இடது கை வேகம் வீசிய பின் கால் பதிக்கும் இடம், எதிர்முனையிலிருந்து வீசும் சுழல் வீச்சாளருக்கு வலது கை பேட்ஸ்மேனின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே கிடைக்கும் ரஃப் (சொரசொரப்பான தடம்). ஆஃப் ஸ்பின்னருக்கு அதைவிடச் சொத்து வேண்டாம். ஸ்டார்க்கின் கால் தடத்தில் நேதன் லயன் எத்தனை விக்கெட் எடுத்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அஸ்வின் விளையாடிய பெரும்பகுதி காலம் இந்த உதவி அவருக்கு இல்லவே இல்லை.

சரி, ஜாகீருக்குப் பிறகு இந்திய டெஸ்ட் அணியில் என்ன நடந்தது?

ஜாகீரின் கடைசி டெஸ்ட் 2014 பிப்ரவரி, வெலிங்டன். அதற்கு அடுத்த பத்து ஆண்டுகளில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய இடது கை வேகங்கள் இரண்டே பேர், சேர்த்து நான்கு டெஸ்ட். நடராஜன் ஒன்று, ஜெய்தேவ் உனத்கட் மூன்று.

உனத்கட் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2010இல் 19 வயதில் செஞ்சூரியனில் அறிமுகம், விக்கெட் இல்லை, அத்தோடு வெளியே. 2019-20 ரஞ்சியில் 67 விக்கெட் எடுத்து சவுராஷ்டிராவுக்கு முதல் ரஞ்சிக் கோப்பையை வாங்கிக் கொடுத்த பிறகும் கூப்பிடவில்லை. இரண்டாவது டெஸ்ட் 2022 டிசம்பரில் மிர்பூரில், பன்னிரண்டு வருடம் கழித்து.

அதனால்தான் "ஆள் இல்லை" என்ற பேச்சை நான் முழுசாக ஏற்பதில்லை. ஆள் குறைவு, சரி. இருக்கிற ஆளையும் இடது கை என்பதற்காகவே ஆசையாக எடுக்கிறோம், பந்து ஸ்விங் ஆகாத முதல் நாளிலேயே, வலது கைக்காரருக்குக் கொடுக்கும் அவகாசத்தில் பாதிகூடக் கொடுக்காமல் கழற்றிவிடுகிறோம். இர்ஃபான் பதான் 2006இல் கராச்சியில் முதல் ஓவரிலேயே ஹாட்ரிக் எடுத்தவர், அவருடைய கடைசி டெஸ்ட் 2008இல். அப்போது அவருக்கு வயது 23. ஜாகீரும் நடுவில் அணியை விட்டுப் போய், இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயருக்குக் கவுண்டி ஆடித் தன்னைத் தேற்றிக்கொண்டுதான் திரும்பி வந்தார். அந்தத் திரும்பி வரும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்கவில்லை.

நடராஜன் ஏன் ஒரே டெஸ்டோடு நின்றுவிட்டார்?

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிக் கிளம்பியவர், ரஞ்சியில் அறிமுகமான கையோடு ஆக்‌ஷனில் சந்தேகம் என்று புகார் வந்து, அதை மாற்றிக்கொண்டு மீண்டவர். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு நெட் பௌலராகப் போய் ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர். பிரிஸ்பேன் டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் லபுஷேன் உட்பட மூன்று விக்கெட். அதற்குப் பிறகு காயம், அறுவை சிகிச்சை. அவருடைய பலம் யார்க்கர், அது டி20க்கான சரக்கு, டெஸ்டில் நாள் முழுக்க வீச வேறு உடம்பு வேண்டும் என்று சொல்வார்கள். நியாயம்தான். ஆனாலும் பிரிஸ்பேனின் கப்பா மைதானத்தில் கிடைத்த அந்த வெற்றியில் அவர் பங்கு வெறும் ஆள் எண்ணிக்கைக்காக அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஐபிஎல் ஏலத்தில் இவர்களுக்கு ஏன் இவ்வளவு விலை?

கிடைக்காத சரக்கு என்பதால். 2024 சீசனுக்கு ஸ்டார்க்கை கொல்கத்தா 24.75 கோடிக்கு வாங்கியது, அதற்கு முந்தைய ஏலத்தில் சாம் கரன் 18.5 கோடி. 2018இல் உனத்கட்டுக்கு 11.5 கோடி, அந்த வருட ஏலத்தில் மிக அதிக விலை போன இந்திய வீரர் அவர்தான். டெஸ்ட் அணியில் இடமில்லை, ஏலத்தில் பதினோரு கோடி! 2025 சீசனுக்கு நடராஜனை டெல்லி 10.75 கோடிக்கு எடுத்தது.

பெண்கள் கிரிக்கெட்டில்?

அங்கேயும் பஞ்சம்தான், இன்னும் கூடுதலாக. ஆந்திராவின் அஞ்சலி சர்வாணி இந்தியாவுக்கு ஆடியிருக்கிறார், அவரைத் தாண்டி நினைவுக்கு வரும் பெயர்கள் குறைவு.

வலது கைக்காரர் முயன்றால் இடது கை வேகமாக மாற முடியுமா?

சுழலில் இரண்டு கையாலும் வீசுபவர்கள் உண்டு, இலங்கையின் கமிந்து மெண்டிஸ் சர்வதேச ஆட்டத்திலேயே செய்கிறார். வேகத்தில் அது நடக்கிற காரியம் இல்லை. ஓட்டம், தாவல், இடுப்புச் சுழற்சி, கால் ஊன்றுவது எல்லாமே தலைகீழாக மாற வேண்டும், அதைச் சர்வதேச வேகத்தில் செய்ய வேண்டும்.

பேட்ஸ்மேன்கள் இதற்கு எப்படிப் பயிற்சி எடுக்கிறார்கள்?

நெட்ஸில் இடது கைப் பையன் யாராவது கிடைப்பானா என்று தேடுவார்கள், இல்லையென்றால் த்ரோடவுன் (கிட்டத்தில் நின்று எறியும் பயிற்சிப் பந்து). இந்திய அணி இதற்காகவே இலங்கையைச் சேர்ந்த நுவன் செனவிரத்னவை இடது கை த்ரோடவுன் நிபுணராக வைத்துக்கொண்டது. நூற்று நாற்பது கோடி மக்கள் இருக்கும் நாட்டில் இதற்கும் வெளியிலிருந்து ஆள். க்ளப் அளவில் ஆடுபவர்களுக்கு எளிய வழி, முன்காலைக் குறுக்கே வைக்காமல் நேராக வைப்பது, ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று புதிதாகக் கணக்குப் போடுவது. முதல் இரண்டு ஓவர் ஃப்ளிக் ஆசையை மறந்துவிடுங்கள்.

என் பையன் இடது கையால் வேகமாக எறிகிறான். என்ன செய்யலாம்?

முதலில், ஸ்பின்னுக்கு மாற்றச் சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். பதினாறு பதினேழு வயதில் உயரம் எப்படி வரும் என்று இப்போது யாருக்கும் தெரியாது. மிட்செல் ஸ்டார்க்கே சின்ன வயதில் விக்கெட் கீப்பராக ஆடியவர், பந்து வீசப் போனது பிறகுதான். சென்னையில் இருந்தால் எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையம் 1987இலிருந்து இருக்கிறது, ஜாகீர் அங்கே பயிற்சி எடுத்தவர், ஆனால் அங்கே தேர்வாக இன்னும் வருடங்கள் ஆகும், அதற்கு முன் நல்ல க்ளப்பும் ஸ்டிச் பால் (தைத்த தோல் பந்து) ஆட்டமும் போதும்.

வேகத்தைக் குறைத்து லைன் பிடிக்கச் சொல்ல வேண்டாம். உள்ளே வரும் பந்து ஒன்று, ரவுண்ட் த விக்கெட் ஒன்று, இரண்டையும் சீக்கிரமே பழகட்டும். அக்ரம் வீடியோவைப் பார்த்து ஆக்‌ஷனைக் காப்பியடிக்கப் பார்ப்பான், விடாதீர்கள், அந்தக் கை வேகம் பிறவியில் வந்தது. வளரும் வயதில் வேகப்பந்து வீசுபவர்களுக்கு முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வருவது மிகச் சாதாரணம், அதனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மேட்ச் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை நெட்ஸுக்கும் போகிறான் என்றால் அதை நிறுத்துவதுதான் உங்கள் வேலை. முதுகு வலிக்கிறது என்று சொன்னால் தைலம் தேய்த்து அனுப்பாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.